கனிவான கவனத்திற்கு

ஆகஸ்ட் 26

பேசக் கூடாது. முணுமுணுக்கக் கூடாது. கிசுகிசுக்கவே கூடாது, அது சத்தம் போடுவதைவிடக் கெடுதலாம். இருமல் வந்தால் தண்ணீரைக் குடித்து அடக்க வேண்டும். டாக்டர் பெனிட்டா சொல்லச் சொல்ல நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். "இப்படி வேகமாத் தலையாட்டுறவங்கதான் வீட்டுக்குப் போன உடனே பேசுவாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்ல முடியவில்லை.

குரல்நாணில் இருந்த முடிச்சை நேற்று எடுத்துவிட்டார்கள். முத்துமாலை ஜவுளி மாளிகையில் வருஷக்கணக்காக மைக்கில் பேசியதற்குக் கிடைத்த பரிசு அது. 'வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்து, பட்டு இரண்டாம் மாடி, குழந்தைகள் உடை மூன்றாம் மாடி, கழிப்பறை படிக்கட்டுக்குப் பின்னால் என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான். திருநெல்வேலி டவுனில் என் முகத்தை யாருக்கும் தெரியாது. காய் வாங்கப் போய் 'அரைக் கிலோ வெண்டைக்காய்' என்று வாயைத் திறந்தால் போதும், 'நீங்க முத்துமாலை கடை அக்கால்லா?' என்று கேட்டுவிடுவார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இந்த ஆடித் தள்ளுபடியில் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டுகிறேன் பேர்வழி என்று மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே கத்தினேன். ஆடி முடிவதற்குள் தொண்டையில் காற்று மட்டும்தான் வந்தது.

ஒரு சீட்டில் எழுதிக் காட்டினேன்: 'பழைய குரல் வருமா?'

"குரல் வரும் வடிவு. அதே குரல்தான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

எனக்கு வேறு வேலை தெரியாது. பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் எழுதிக்கூடக் காட்டவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 27

பேசவில்லை. கேஸ் சிலிண்டரை வாசலில் போட்டுவிட்டுப் போனவனிடம் சொல்ல நினைத்ததை எல்லாம் எழுதினால் இந்த டைரி தாங்காது.

ஆகஸ்ட் 29

வீட்டில் நானும் வீட்டுக்காரரும் இரண்டு பேர்தான். மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். அவர் முன்னறையில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறார். பிரமநாயகம் என்று பெயர். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அதிகம் பேசிய சொல் 'ம்'. நான் பேசுவேன், அவர் 'ம்' போடுவார், குடும்பம் ஓடியது. இப்போது நான் பேசுவதும் நின்றுவிட்டதால் வீட்டில் மிக்ஸிகள் மட்டும்தான் சத்தம் போடுகின்றன.

போனில் 'குரல் ஓய்வு எப்படி இருப்பது' என்று தேடினேன். எல்லாம் இங்கிலீஷ். தமிழில் ஒன்றே ஒன்று இருந்தது, அது பாட்டுக்காரர்களுக்கு. வெந்நீரும் தேனும் குடித்து மனதை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொன்னது. மீன்காரியிடம் எப்படிப் பேரம் பேசுவது, ஆட்டோவை எப்படி நிறுத்துவது, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது குளிக்கிற புருஷனுக்கு எப்படிச் சொல்வது, ஒரு வரி இல்லை. மனதை அமைதியாக வைப்பதாமே! எழுதினவர் வாயைக் கட்டிவிட்டு ரேஷன் கடை வரிசையில் நிறுத்தவேண்டும்.

நானே எழுதப்போகிறேன். வலைப்பூ ஒன்று.

ஆகஸ்ட் 30

வலைப்பூ தொடங்க ஒன்றும் ஆகாது, இலவசம், ஐந்தே நிமிஷம் என்று போட்டிருந்தது. காலையில் உட்கார்ந்தவள் இட்லி மாவு பொங்கி வழிவதைப் பார்த்துத்தான் எழுந்தேன். முதலில் அலங்காரம் தேர்ந்தெடுக்க வேண்டும். பூ, பட்டாம்பூச்சி, மூடுபனி மலை என்று காட்டினார்கள். எழுத்து பெரிதாகத் தெரிகிற வெள்ளையை எடுத்தேன். தமிழில் தட்டச்சு செய்ய மூன்று வகை விசைப்பலகை. இங்கிலீஷில் 'அம்மா' என்று அடித்தால் தமிழில் வருவது எனக்குச் சரிப்பட்டது. நாம் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிற வசதியும் இருக்கிறதாம், ரொம்ப சுலபமாம். எனக்கு வந்த சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்கவேண்டி வந்தது.

பெயர் வைக்கும் இடத்தில் யோசிக்கவே இல்லை. 'கனிவான கவனத்திற்கு'.

செப்டம்பர் 1

ஆட்டோ நிறுத்துவது பற்றி முழு நீளத்துக்கு எழுதினேன். நல்ல எழுத்து. கரண்ட் போய் வைஃபை போனது. வந்து பார்த்தால் வெள்ளைப் பலகை. அழுகை வந்துவிட்டது, சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் எட்டிப் பார்த்தார். போனைக் காட்டினேன். "வேற எதுலயாவது எழுதி வச்சுக்கிட்டு, அப்புறமா இதுல ஒட்டக் கூடாதா?" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொன்ன மிக நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. சொன்னது சரிதான். போனிலேயே குறிப்பெழுதும் செயலி ஒன்று இருக்கிறது, கரண்ட் போனாலும் அழியாது. இனி அதில்தான் முதல் எழுத்து.

செப்டம்பர் 3

எழுதியதை வாசித்துக் காட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கிக்கொண்டு மீன் வாங்கப் போனேன். 'சாளை கிலோ எவ்வளவு' என்று அடித்தேன். போனுக்குள்ளிருந்து ஒருத்தி ஏற்ற இறக்கம் இல்லாமல் கேட்டாள். மீன்காரி ஞானம்மா விலை சொன்னாள். 'குறைச்சுக் குடு' என்று அடித்தேன்.

"யாருட்டி அவ? போனுக்குள்ள உக்காந்துக்கிட்டு எங்கிட்ட பேரம் பேசுதா! மூஞ்சியக் காட்டச் சொல்லு, அப்புறம் குறைக்கேன்!"

கூடி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். என் தொண்டையைக் காட்டிக் கட்டுப்போட்ட மாதிரி சைகை செய்தேன். ஞானம்மா முகம் மாறிவிட்டது. கேட்காமலே இரண்டு மீன் கூடப் போட்டாள். 'மீன் வாங்க ஒரு வழி' என்று இன்று வலைப்பூவில் போட்டேன், செயலியின் படத்தோடு. படம் பெரிதாக இருந்தால் பக்கம் திறக்க நேரமாகும், சுருக்கித்தான் போடவேண்டும். அதற்கும் ஒரு செயலி.

செப்டம்பர் 5

இவர் பேசிக்கொண்டே இருக்கிறார். என்ன ஆனது இந்த மனிதருக்கு? காலையில் காப்பியோடு ஆரம்பித்தார், ஜாடி பிளேடு தேய்ந்தால் எப்படிச் சத்தம் வரும், வாஷர் போனால் எப்படிச் சத்தம் வரும் என்று. நடுவில் அவர் அம்மா எந்தக் கடையில் தேங்காய் வாங்குவார்கள், பள்ளிக்கூடத்தில் இவரை எந்த வாத்தியார் அடித்தார் என்று வேறு. வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்கிறார். நான் 'ம்' கூடப் போட முடியாது. தலையைத் தலையை ஆட்டி எனக்குக் கழுத்து வலிக்கிறது.

செப்டம்பர் 6

சமையலறைச் சுவரில் பழைய மிக்ஸியின் திருகியைப் பொருத்தி, வயர் இழுத்து, முன்னறையில் மூன்று பல்பு மாட்டியிருக்கிறார். ஒன்றில் வைத்தால் 'இங்கே வாங்க'. இரண்டில் வைத்தால் 'சோறு ஆச்சு'. மூன்றில் வைத்தால் சிவப்பு, 'ஓடி வாங்க'.

"கை தட்டி, தட்டத் தட்டி எதுக்குட்டி கஷ்டப்படுத? திருகு, வந்துருதேன்."

சும்மா மூன்றில் வைத்துப் பார்த்தேன். மனிதர் ஸ்குரூ டிரைவரோடு ஓடிவந்தார். நான் சிரித்ததைப் பார்த்துக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரும் சிரித்தார்.

செப்டம்பர் 7

வலைப்பூவில் 'புள்ளிவிவரம்' என்று ஒரு பக்கம் இருக்கிறது, எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும். இன்று நாற்பத்தொன்று! நாற்பத்தொரு பேர்! கடையில் என் குரலைக் கேட்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், அவர்கள் சேலை வாங்க வந்தவர்கள். இவர்கள் எனக்காக வந்தவர்கள். வடை சுட்டேன்.

செப்டம்பர் 8

நாற்பது பேர் நான்தான்.

எழுத்துப்பிழை இருக்கிறதா, படம் நேராக இருக்கிறதா என்று நான் திறந்து திறந்து பார்த்த ஒவ்வொரு தடவையையும் அது எண்ணியிருக்கிறது. 'உங்கள் சொந்த வருகையை எண்ண வேண்டாம்' என்று ஓரத்தில் ஒரு கட்டம் இருந்ததை இன்றுதான் பார்த்தேன். டிக் போட்டேன். எனக்கு நானே வடை சுட்டுக் கொண்டாடியிருக்கிறேன். இந்த வலைப்பூச் சவத்தை மூடிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று வந்தது.

இன்றைய எண்ணிக்கை: ஒன்று. ஊர்: திருநெல்வேலி. ஆஸ்பத்திரி நர்ஸாக இருக்கும், அவளுக்குத்தான் இணைப்பு அனுப்பியிருந்தேன்.

செப்டம்பர் 10

டாக்டரிடம் போனோம். குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். புண் மெதுவாகத்தான் ஆறுகிறதாம். இன்னும் இரண்டு வாரம் வாய் திறக்கக் கூடாது.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் வழியெல்லாம் எதையோ சொல்லிக்கொண்டு வந்தார், ஒன்றும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து 'இன்று எனக்கு எரிச்சல். ரசத்தில் உப்பே போடவில்லை. போட மனசில்லை' என்று நாலு வரி வலைப்பூவில் கிறுக்கினேன்.

செப்டம்பர் 11

முதல் பின்னூட்டம் வந்திருக்கிறது! பெயர் 'வாசகன்' என்று போட்டிருக்கிறது. ஒரே வரி: 'ரசத்தில் உப்பு சரியாகவே இருந்தது.'

யாரோ குறும்புக்காரர். அனுமதி கொடுத்து வெளியிட்டேன். பின்னூட்டங்களை நாம் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடன் தருகிறேன், முடி வளர்க்கிறேன் என்று கண்டவர்கள் வந்து விளம்பரம் ஒட்டிவிடுவார்கள்.

இவருக்கு இதெல்லாம் தெரியாது, ஆகவும் ஆகாது. போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதோடு சரி.

செப்டம்பர் 14

மிக்ஸித் திருகிப் பதிவுக்குத்தான் இதுவரை அதிக வரவேற்பு. யாரோ எங்கேயோ பகிர்ந்திருக்கிறார்கள். இன்று அறுபத்துமூன்று பேர், ஒருத்தர்கூட நான் இல்லை! திருச்சியிலிருந்து ஒருவர், பக்கவாதத்தில் பேச்சுப் போன தன் அப்பாவுக்கு இதைச் செய்து தரவேண்டும், எப்படி என்று கேட்டிருந்தார். எனக்கு என்ன தெரியும்? நான் பதில் எழுதுவதற்குள் 'வாசகன்' எழுதிவிட்டார். எந்த வயர், எத்தனை வாட் பல்பு, கரண்ட் அடிக்காமல் இருக்க எங்கே பேட்டரி வைக்க வேண்டும், பழைய மிக்ஸியில் எந்த மாடல் திருகி நன்றாக வரும் என்று ஒரு பக்கத்துக்கு.

விவரம் தெரிந்த ஆள். ரொம்ப நன்றி என்று பதில் போட்டேன். மதியம் இவருக்குப் பிடித்த சுண்டவத்தக்குழம்பு வைத்தேன், வீட்டில் வத்தல் இருந்ததால்.

செப்டம்பர் 17

ஒட்டன்சத்திரத்திலிருந்து தவமணி டீச்சர் எழுதியிருக்கிறார். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவர். 'எனக்கும் இதே ஆபரேஷன் சொல்லியிருக்காங்க அக்கா. தள்ளிப் போட்டுட்டே இருக்கேன். குரல் போயிடுச்சுன்னா பிள்ளைங்க முன்னாடி எப்படி நிக்கிறது? உங்களுக்குத் திரும்பி வந்துச்சுன்னா சொல்லுங்க. அதுக்கு அப்புறம் நான் முடிவு பண்றேன்.'

என் தொண்டையை நம்பி இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். 'கண்டிப்பாகச் சொல்கிறேன்' என்று எழுதினேன்.

செப்டம்பர் 21

நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டுக் கடை வழியாக வந்தேன். வாசல் ஸ்பீக்கரில் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

'வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. பண்டிகைக்காலப் புதிய பட்டு ரகங்கள் இரண்டாம் மாடியில்...'

நானேதான். போன தீபாவளிக்கு ஏதோ டெஸ்டிங் என்று முதலாளி லிங்கதுரை அண்ணாச்சி பதிவு செய்து வைத்தது. தண்ணீர் மாதிரி வருகிறது குரல். தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். அண்ணாச்சி என்னைப் பார்த்து வெளியே வந்தார்.

"வாம்மா வடிவு. நீ இல்லைன்னு யாருக்கும் தெரியவே இல்ல, பாத்துக்கோ! அப்படி ஓடுது. நீ அவசரமே படாத. குரல் சரியில்லைன்னா பில்லிங் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டுத் தாரேன்."

நல்ல மனிதர். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். என்னையே வைத்து என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வீடு வரைக்கும் அந்தக் குரல் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

செப்டம்பர் 25

இன்று டாக்டர் "'ஆ' சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அண்டாவைச் சிமென்ட் தரையில் இழுத்தது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது என்னிடமிருந்துதான் வந்தது என்று தெரிய ஒரு நொடி ஆனது.

"குரல்நாண் நல்லா மூடுது, நல்லா திறக்குது. புண் இல்ல. இதான் வடிவு உங்க குரல். பயிற்சி கொடுத்தா இன்னும் கொஞ்சம் தெளியும், பழைய மாதிரி மெல்லிசா வராது. தினமும் கொஞ்ச கொஞ்ச நேரம் பேசலாம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்து வந்து "என்ன சொன்னாவ?" என்று கேட்டார். எழுதிக் காட்டக் கையோடு வைத்திருக்கும் சிலேட்டை எடுத்து 'இன்னும் ஓய்வு' என்று எழுதினேன்.

அந்தச் சத்தத்தை அவர் காதில் போட எனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பர் 30

பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போகிறேன். அங்கே மட்டும் பேசுகிறேன். வீட்டில் திருகி. ஒன்று, இரண்டு. மூன்றைத் தொடுவதில்லை.

வலைப்பூவில் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் உண்மையை எழுத வேண்டும். அதனால் பழைய பதிவுகளுக்கெல்லாம் பிரதி எடுத்து வைத்தேன். அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது, மொத்தத்தையும் ஒரே கோப்பாகக் கொடுத்துவிடுகிறது. வலைப்பூ வைத்திருக்கிறவர்கள் மாதம் ஒரு முறை செய்துவிட வேண்டும். இப்படி உபயோகமான வேலை எவ்வளவோ இருக்கிறது, எழுதித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

அக்டோபர் 4

'வாசகன்': 'பதிவு வந்து நாளாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?'

பதில் போடவில்லை. இவர் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். பேச்சும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அக்டோபர் 8

தவமணி டீச்சர்: 'அக்கா, பதினாறாம் தேதி ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிட்டாங்க. உங்க குரலை ஒரே ஒரு தடவை கேட்கணும். ஒரு வார்த்தை பேசிப் போடுங்க. கேட்டா தைரியம் வரும். இல்லேன்னா வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.'

வலைப்பூவில் ஒலி சேர்க்கலாம். முதலில் ஒலிக்கோப்புகளை வைக்கிற தளம் ஒன்றில் ஏற்றி, அந்த இணைப்பை இங்கே ஒட்டினால், பதிவுக்கு நடுவில் சின்ன முக்கோணம் வரும், அமுக்கினால் கேட்கும். படித்துத் தெரிந்துகொண்டேன்.

அண்ணாச்சி ஒருநாள் கடையில் ஓடும் அந்தப் பழைய ஒலிப்பதிவை என் போனுக்கும் அனுப்பியிருந்தார், 'நல்லா இருக்குல்லா' என்று. அதை ஏற்றினேன். ஒட்டினேன். வரைவில் வைத்துக் கேட்டேன். தண்ணீர் மாதிரி ஓடியது. டீச்சருக்குத் தைரியம் வேண்டும், அவ்வளவுதானே? நான் அப்படிப் பேசிக்கொண்டிருந்தவள்தானே? பொய் என்று எப்படிச் சொல்வது?

வெளியிடும் பொத்தானை அமுக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

அக்டோபர் 11

அண்ணாச்சி கூப்பிட்டார். இவர் எடுத்து எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"பிரமநாயகம், நேத்து கடையில என்ன ஒரு கூத்துங்கிய! தீபாவளிக் கூட்டம், மேல மாடியில ஒரு சின்னப் பிள்ள தொலைஞ்சு போச்சு. அது அங்கன நின்னு அழுவுது. அது அம்மாக்காரி கீழ நின்னு அழுவுதா. மைக்குல சொல்ல ஆள் இல்ல. நான் போயிச் சொன்னா என் கட்டத்தொண்டை ஒருத்தனுக்கும் விளங்கல. இந்த ரெக்கார்டு சனியன் நடுவுல நடுவுல பட்டுச்சேலை ரெண்டாம் மாடிங்குது! ஒரு மணி நேரம் ஆச்சு பிள்ளையச் சேத்துவைக்க."

இவர் 'ம்' போட்டார்.

"அந்தக் குரல் சேலையத்தான் விக்கும், பிள்ளையத் தேடித் தராது. வடிவால எப்ப பேச முடியும்? எப்படி இருந்தாலும் சரி, விளங்குத மாதிரி இருந்தா போதும். பிள்ள காணோம், வண்டி வழியில நிக்கி, இதைச் சொல்ல ஆள் வேணும். சேலைய ரெக்கார்டு பாத்துக்கிடும்."

போனை வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்தார். "டாக்டரம்மா என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார். சிலேட்டை எடுத்தேன், எழுதாமலே கீழே வைத்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு சாமான் வாங்கப் போய்விட்டார்.

உள்ளே வந்து அந்த அம்மாவை நினைத்துக்கொண்டே இருந்தேன். பிள்ளையைக் காணாமல் நிற்கிறாள், தலைக்கு மேலே நான் அழகாகச் சேலை விற்றுக்கொண்டிருக்கிறேன். தவமணி டீச்சருக்கும் அதைத்தானே செய்யப் பார்த்தேன்?

வரைவை அழித்தேன்.

அதே நாள், மதியத்துக்கு மேல்

வீட்டில் குரலைப் பதிவு செய்கிறவர்களுக்குச் சில குறிப்புகள், பட்டுத் தெரிந்துகொண்டவை. மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள், அது உறுமுவது நமக்குக் கேட்காது, போனுக்குக் கேட்கும். துணி அலமாரியைத் திறந்து வைத்து அதற்குள் முகத்தைக் காட்டிப் பேசினால் எதிரொலி வராது. சேலைகள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, பேசினேன்.

'வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. தவமணி டீச்சர் கவனத்திற்கு. நான் வடிவு பேசுகிறேன். இதுதான் என் குரல். முன்னால் இப்படி இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை, நான் பொய் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஒளித்து வைத்திருந்தேன். ஆனால் நான் சொல்வது உங்களுக்கு விளங்குகிறதா? விளங்கினால் உங்கள் பிள்ளைகளுக்கும் நீங்கள் சொல்வது விளங்கும். போய்ப் படுங்கள், பயப்படாதீர்கள். எழுந்து வந்ததும் மீன் வாங்குவது எப்படி என்று இந்தப் பக்கத்தில் இருக்கிறது.'

திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் போடமாட்டேன் என்று தெரியும். ஏற்றினேன், ஒட்டினேன், வெளியிட்டேன். அண்ணாச்சிக்கும் இணைப்பை அனுப்பினேன். அப்புறம் உட்கார்ந்து நன்றாக அழுதேன், இந்தத் தடவை சத்தமாகவே.

அண்ணாச்சி எழுதினார்: 'குரல் மாறித்தான் போச்சு. ஆனா ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக் கேக்கு. திங்கக்கிழமை வா. தொண்டை வலிச்சா நிப்பாட்டிரு.'

தவமணி டீச்சர் எழுதினார்: 'மூணு தடவை கேட்டேன் அக்கா. விளங்குது. பதினாறாம் தேதி போறேன். சிலேட்டு வாங்கிட்டேன்.'

இன்னும் முப்பது, நாற்பது பேர் எழுதியிருக்கிறார்கள். 'வாசகன்' மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

அவர் வந்தார். கை கால் கழுவிவிட்டு முன்னறையில் உட்கார்ந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, 'சோறு ஆச்சு' சொல்லத் திருகியில் கை வைத்தேன்.

முன்னறையிலிருந்து என் குரல் கேட்டது. கரகரவென்று, அண்டாவை இழுக்கிற அதே குரல். 'இதுதான் என் குரல். முன்னால் இப்படி இல்லை...' முடிந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. 'வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு...' எட்டிப் பார்த்தேன். வேலை செய்யும் மேசையில் போனை வைத்து, கழற்றிப் போட்ட மிக்ஸிகளுக்கு நடுவே குனிந்து, காதை அதன் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை போட்டார்.

ரசத்தில் உப்பு சரியாக இருந்தது என்று எழுதியபோதே எனக்குத் தெரியும், டைரியில்கூட ஒப்புக்கொள்ளாமல் இருந்தேன். உப்பே போடாத ரசத்தை முகம் சுளிக்காமல் குடித்தவர் இந்த ஊரில் ஒருத்தர்தான்.

திருகியிலிருந்து கையை எடுத்தேன்.

"ஏங்க வாசகரே! எத்தன தடவ கேப்பிய? போதும். சோறு ஆறுது, வாங்க."

முன்னறையில் போன் நின்றது. நாற்காலி நகர்ந்தது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"ரசமா?"

ரசம்தான். இன்று உப்பு சரியாகவே இருந்தது.